பி.எஃப் பென்சனுக்கு உயிர்வாழ்ச் சான்று: மார்ச் மாதமே எடுத்துவிடுங்கள்

கோத்தகிரி, குன்னூர் எஸ்டேட்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் பலர், உயிர்வாழ்ச் சான்றை நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது மத்திய அரசுப் பென்சன்காரர்களுக்கான மாதம். நம் பி.எஃப் பென்சனுக்கு (இ.பி.எஸ் 95) எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். நவம்பரில் இங்கே மழையும் மூடுபனியும். கரண்ட் போனால் டவரும் போய்விடும். அதனால் அம்மாவின் சான்றை மார்ச்சுக்கு மாற்றிக்கொண்டோம்.

முதலில் ஆதார், பாஸ்புக், பி.பி.ஓ (பென்சன் வழங்கும் ஆணை) மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். செக்ரோலில் (எஸ்டேட்டின் வேலையாள் பதிவேடு) அப்பா பெயரின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயரின் இனிஷியல் என்று இருப்பது இங்கே சகஜம். பி.பி.ஓ தொலைந்திருந்தால் பி.எஃப் இணையதளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து 12 இலக்க எண்ணை எடுக்கலாம்.

சான்றுக்குக் கைரேகையோ முகமோ பதிய வேண்டும். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை சரியாக விழாது, குளிரில் இன்னும் மோசம். ரேகையோடு மல்லுக்கட்டாமல் முகப்பதிவுக்குப் போங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் (சான்று எடுக்க), ஆதார் ஃபேஸ் ஆர்டி (முகம் பதிய) இரண்டு ஆப்பும் வேண்டும். முதலில் போனை இயக்குபவரின் ஆதாரும் முகமும், பிறகு பென்சன்காரருடையது. குல்லா, மப்ளர், கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாகிப் பதிவாகாது. ஆப் சொல்லும்போது கண் சிமிட்ட வேண்டும், அதை முன்பே பெரியவரிடம் சொல்லிப் பழக்கிவிடுங்கள். போன் வசதி இல்லையென்றால் போஸ்ட்மேனிடம் சொல்லலாம், வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார்.

பிரமாண் ஐடி (சான்றின் எண்) வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பென்சன் வழங்கும் துறையையோ பி.பி.ஓ எண்ணையோ தவறாகப் போட்டாலும் ஐடி வரும்; சான்று பிறகு நிராகரிக்கப்படும். சில நாள் கழித்து, சான்று ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். அம்மாவுக்குத் தன் பென்சனோடு விதவைப் பென்சனும் இருந்தால் இரண்டு பி.பி.ஓ, இரண்டு சான்று. இதில்தான் நிறையப் பேருக்கு ஒரு பென்சன் நின்றுபோகிறது. நின்றாலும் பயப்பட வேண்டாம், சான்று ஏறியதும் நிலுவையோடு வரும்.

காகிதங்களைப் பூசணத்திலிருந்து காக்க, வெயில் காலத்தில் நன்றாக உலர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போடுங்கள்.