மூன்றாவது நட்

எங்கள் பஜிரோ 1994ஆம் ஆண்டுப் பிறப்பு. மனைவியின் தம்பியும் அதே ஆண்டுதான். இரண்டு பேரில் யாருக்கு இதுவரை அதிகம் செலவழித்திருக்கிறோம் என்று வீட்டில் அவ்வப்போது ஒரு கணக்குப் பார்ப்பு நடக்கும். மச்சானுக்கு வேலை கிடைத்த பிறகு பஜிரோ தனியாக முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு பழைய வாகனம் வைத்திருந்தவர்கள் எல்லாம் பத்து ஏக்கர் வயல்காரர்கள் மாதிரி நடக்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில், களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் பெரியப்பா 'சொந்தப் பிள்ளைக்குத்தானே' என்று நியாயமான விலைக்கு ஜீப்பைத் தந்தார். சாவியைக் கையில் வைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. பிரிவுத் துயரம் என்று நினைத்தேன். நிம்மதிக்கும் கண் கலங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"ஒரு கவலையும் வேணாம் மகன். நாலு ரயரும் நல்ல கட்டை. பின்னுக்குத் தொங்குற ஸ்பெயார் சில்லு புத்தம் புதுசு. ஒரு நாளும் நிலத்தில படல்ல" என்றார்.

அந்தக் கடைசி வரியை நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். நான் படிப்பிப்பது கணிதம்.

எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடியில். ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். நடுவில் நிற்கும் இரும்புக்கு இரண்டு பக்கத்தாலும் உப்புக் காற்று. விருந்தாளிகள் 'என்ன அருமையான காற்று' என்பார்கள். நான் உடனே ஜீப்பின் கதவடியைக் குனிந்து பார்ப்பேன். முதல் ஆண்டிலேயே காத்தான்குடியில் ஒரு கராஜ் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எங்கள் குடும்ப வைத்தியர் ஆகிவிட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். அவர் கண்ணைத் திறக்கும்வரை எனக்கு மூச்சு வராது.

"சேர், இந்த எஞ்சினுக்கு மட்டும் தண்ணி குறையப்படா. சூடேறிச்செண்டா ஹெட் வெடிக்கும். ஹெட் வெடிச்சா மறுகா நீங்க சைக்கிள்லதான்."

அன்றிலிருந்து ரோட்டைப் பார்ப்பதை விட வெப்பமானியின் முள்ளைப் பார்ப்பதே என் சாரத்தியம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பக்கத்தில் இருக்கும் மனைவிதான் ரோட்டைப் பார்த்துச் சொல்வாள்.

2022இல் டீசல் இல்லாமல் ஜீப் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றது. பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்தது. அதற்குள் அடியில் கோழி அடைகாத்துவிட்டது. ஜீப்பை எடுத்தால் கோழி எழும்பிவிடும் என்று அம்மா மறியல் போட்டார். நின்ற இடத்திலேயே வெயில் குடித்த ரயர்கள் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. குஞ்சு எத்தனை பொரித்தது என்று மட்டும் கேட்டார்கள். ஒன்பது.

அடுத்த ஆண்டு ரயர் கடைக்காரர்தான் முதலில் கேட்டார்.

"சேர், இது எத்தனையாம் ஆண்டு ரயர் தெரியுமா?"

நிலத்தில் படுகிற வரிகள், அதுதான் பூ, நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ரயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்து, ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். 2211. முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2011ஆம் ஆண்டின் 22ஆம் வாரம். பன்னிரண்டு வயது. பூ தேயாவிட்டாலும் வெயிலிலும் காற்றிலும் றப்பர் இறுகிவிடும், பத்து வருடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று ரயர் செய்கிறவர்களே சொல்கிறார்கள் என்றார். விரலால் அமத்திக் காட்டினார். தண்ணீர் வற்றிய குளத்தடி மாதிரிப் பொடிப்பொடியாக வெடிப்பு.

நாலும் மாற்றச் சொன்னார். நான் விலையைக் கேட்டேன். பிறகு இரண்டு மாற்றினோம்.

புதியதைப் பின்னால் போடுவதுதான் முறை, மழையில் பின்பக்கம் இழுத்தால் ஸ்டியரிங்கால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் விளக்கினார். எனக்கு விளங்கியது. ஆனால் புதியது முன்னால் இருந்தால்தானே ஊர் பார்க்கும்? முன்னாலேயே போடச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டார்.

"அப்ப இனி நாலு சில்லு கியருக்கு மாத்தாதீங்க. முன்னுக்கும் பின்னுக்கும் உயரம் வேற."

இங்கே என் தொழில் எனக்குள் விழித்துக்கொண்டது. பில் கடதாசியின் பின்பக்கத்தில் எழுதினேன். 265/70 ஆர் 15. அகலம் 265 மில்லிமீற்றர், அதில் 70 வீதம் பக்கவாட்டு உயரம், உள்ளே 15 அங்குல ரிம். விட்டம் 752 மில்லிமீற்றர். பூ ஏழு மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால் விட்டத்தில் 14 குறையும். பையால் (π) பெருக்கினால் ஒரு சுற்றுக்கு நாலு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம். கிலோமீற்றருக்கு நானூறு தடவைக்கு மேல் சுற்றும். அத்தனை தடவையும் முன்சில்லும் பின்சில்லும் ஒன்றோடொன்று இழுபறிப்பட, நடுவில் இருக்கும் பற்சில்லுப் பெட்டி பஞ்சாயத்துப் பண்ண வேண்டும்.

கடைக்காரர் கடதாசியை வாங்கி மரியாதையாகப் பார்த்தார். "கணக்கெல்லாம் சரி சேர். ரயர்தான் பிழை."

இப்போது கதைக்கு வருகிறேன்.

2023 ஓகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை. மனைவியின் தங்கை கலியாணம் முடித்துப் பேராதனையில் இருக்கிறாள். அவளைப் பார்க்க மாமா, மாமி, மனைவி, நான். மட்டக்களப்பார் வெறுங்கையோடு போவார்களா? அரை மூட்டை அரிசி, பதினைந்து தேங்காய், கருவாட்டுப் பொதி, மரமுந்திரிகை, நாலு தயிர்ச் சட்டி. தயிர்ச் சட்டிகளை மட்டும் பின்னால் வைக்க மாமி சம்மதிக்கவில்லை. இரண்டு அவர் மடியில், இரண்டு மாமாவின் மடியில். காற்றழுத்தம் பார்த்தாயா என்று மனைவி கேட்டாள். முள் நடுவில்தான் நிற்கிறது என்றேன். அவள் கேட்டது ரயரை.

ஓட்டமாவடி கடந்து, புணானைப் பக்கம். இரண்டு பக்கமும் பற்றைக் காடு, தார் ரோட்டில் தண்ணீர் மாதிரி வெயில் மினுங்குகிறது. துவக்குச் சுட்டது போல ஒரு சத்தம். பின் இடது பக்கம் சரிந்தது. ஜீப்பை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், 2011ஆம் ஆண்டின் 22ஆம் வாரம் கிழிந்து தொங்கியது.

மாமா இறங்கிக் காட்டைப் பார்த்தார். உதவி செய்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இது எந்த இடமெண்டு தெரியுமா மருமகன்? இந்தப் பக்கத்தில ஒரு சிறுத்தை பன்னிரண்டு பேரைத் திண்டது. 1924இல ஒரு வெள்ளைக்காரத் துரை சுட்டவர். இப்பவும் கொழும்பு மியூசியத்தில நிக்குது. நான் பார்த்த நான்."

அதைச் சொல்ல அதை விட நல்ல நேரம் கிடையாது. மாமி சட்டிகளோடு திரும்ப ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டார். "ஷெல்டன் அகார் எண்டு பேர்" என்று மாமா எனக்கு மட்டும் தொடர்ந்தார். நான் ஜெக்கைத் தேடினேன்.

ஜெக் இருந்தது. வீல் ஸ்பானர் இருந்தது. ஆறு நட்டையும் ஏறி மிதித்துத் தளர்த்தினேன். எல்லாம் நன்றாகப் போனது. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. அப்புறம் பின்கதவில் தொங்கிய ஸ்பெயார் சில்லின் உறையைக் கழற்றினேன்.

உள்ளே நடுக்குழியில் பனங்காய் அளவுக்கு ஒரு மண்கூடு. குளவி. முற்றத்தில் நின்ற மாதங்களில் கட்டியிருக்க வேண்டும். ஸ்பானரை ஓங்கினேன்.

"ஐயோ தம்பி, உடைக்காதிங்க!"

கண்ணாடி இறங்கிவிட்டது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாங்கள் போய்க்கொண்டிருந்ததோ கலியாணமாகி ஒன்றரை வருடமான மகளின் வீட்டுக்கு. மாமி சட்டி இரண்டையும் மாமாவிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்து சில்லின் முன்னால் நின்றார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் காட்டைப் பார்த்தாள். மாமா நாலு தயிர்ச் சட்டியோடு சிறுத்தையைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டுக்கு ஓரமாகக் கையை விட்டுத் தடவினேன். மூன்று நட். இரண்டு சாதாரணம். மூன்றாவது வழவழவென்று உருண்டையாக இருந்தது. ஸ்பானர் பிடிக்க மூலை இல்லை. லொக் நட். அதற்கென்று தனிச் சாவி ஒன்று இருக்கும்.

பெரியப்பாவுக்குக் கோல் எடுத்தேன்.

"ஓம் மகன், அது பத்திரமா இரிக்கி. என்ட அலுமாரிக்குள்ள."

"ஜீப்புக்குள்ள வைக்கல்லையா பெரியப்பா?"

"ஜீப்புக்குள்ள வச்சா கள்ளன் அந்தச் சாவியாலயே சில்லைக் கழட்டிட்டுப் போவானே!" என்றார். குரலில் என் புத்தியைப் பற்றிய கவலை தெரிந்தது. தருக்கத்தில் எனக்கும் பிழை தெரியவில்லை. ஒரே ஒரு குறை, கள்ளனுக்கு வைத்த பூட்டில் நான் அகப்பட்டிருந்தேன்.

அந்த வழியால் வந்த லொறிக்காரர் ஒருவர் ஓட்டமாவடியில் தனக்குத் தெரிந்த ஒரு ரயர் பொடியனுக்குக் கோல் பண்ணினார். முக்கால் மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு சாக்கோடு பொடியன் வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். லொக் நட்டைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான், கூட்டைப் பார்த்தான். எதற்கென்று கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் கூட்டின் அடியைச் சுற்றி மெல்லக் கீறி, அப்படியே முழுதாகக் கழற்றி மாமியின் கையில் வைத்தான். "உடையாம வச்சிக்கங்க உம்மா" என்றான். மாமி அதைக் கருவாட்டுப் பொதியின் கடதாசியை உருவிச் சுற்றினார்.

பிறகு பன்னிரண்டு முனை உள்ள பழைய சொக்கட் ஒன்றை எடுத்தான். நட்டை விட ஒரு சுற்றுச் சின்னது. அதை நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் ஏற்றினான். கதவு குலுங்கக் குலுங்க ஏழெட்டு அடி. முனைகள் நட்டைக் கவ்விக்கொண்டன. பிடியைப் போட்டு ஒரு தெண்டு தெண்டினான். 'கிரீச்' என்று கழன்றது. சொக்கட்டுக்குள் நட் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

"இந்தப் பூட்டு நல்ல மனுசனுக்குத்தான் அண்ணே" என்று சிரித்தான்.

சில்லை இறக்கினோம். பூ கறுகறுவென்று, சின்ன மயிர்கள் கூட விழாமல், பெரியப்பா சொன்னது போலப் புத்தம் புதிது. என் புது அறிவைக் காட்ட நீள்வட்டத்தைத் தேடிப் பிடித்தேன். 344. நாலாவது இலக்கத்தைக் காணவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் மட்டும்.

"ஒரு இலக்கம் அழிஞ்சு போச்சு போல" என்றேன்.

பொடியன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"அழியல்ல அண்ணே. 2000க்கு முந்தி மூணு இலக்கம்தான். முக்கோணம் இருந்தா தொண்ணூறுகள். இது 94ஆம் ஆண்டு 34ஆம் வாரம்." கொஞ்சம் நிறுத்தினான். "நான் பொறக்கல்ல."

34ஆம் வாரம் என்றால் ஓகஸ்ட் கடைசி. மனதுக்குள் கணக்குப் போட்டேன். ரயருக்கு அந்த வாரம்தான் இருபத்தொன்பதாவது பிறந்தநாள். ஜீப்போடு ஜப்பானில் இருந்து கப்பல் ஏறி வந்து, வாழ்நாளில் முதல் தடவையாகப் புணானையில் நிலத்தைத் தொட்டது.

வேறு வழி இல்லை. காற்றடித்துப் பூட்டி, முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் நாங்கள், முப்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டமாவடிக்குத் திரும்பி ஊர்ந்தோம். மாமா கதை நிறுத்தியிருந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நாலு பேரும் இடது பக்கம் உடம்பைத் தூக்கிக்கொண்டோம். கடையில் என் அளவு ரயர் ஒன்றுதான் இருந்தது. வாங்கிப் பூட்டி, மறுபடி ஸ்பெயார் இல்லாமல் கண்டிக்குப் போகத் தைரியம் வராமல், வீட்டுக்குத் திரும்பினோம். சொக்கட்டுக்கும் வந்ததற்கும் பொடியன் வாங்கிய காசு மிகக் குறைவு. மாமி இரண்டு தயிர்ச் சட்டியை அவன் கையில் திணித்தார். கூட்டைக் கொடுக்கவில்லை. அது இப்போது எங்கள் ஷோகேசுக்குள், மனைவியின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேராதனையில் இருந்து இதுவரை சேதி எதுவும் இல்லை.

அடுத்த மாதச் சம்பளத்தில் ஸ்பெயாருக்கும் ஒரு ரயர் வாங்கினேன். இலக்கம் நாலையும் கடையிலேயே இரண்டு தடவை வாசித்தேன். மற்றப் பின்ரயர் தீபாவளி முற்பணத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஓட்டோ பிடித்து வந்து இறங்கினார். கைலேஞ்சியில் முடிந்து லொக் நட் சாவியைக் கொண்டுவந்திருந்தார். நட் இல்லை என்றேன். வாயடைத்துப் போனார். சுவரில் சாய்ந்திருந்த 1994ஐக் கண்டதும், "இதையா எறியப் போறாய்? புது ரயர்டா இது!" என்று தூக்கி ஓட்டோவில் ஏற்றிவிட்டார். பிறகு மனம் கேட்காமல் ஆரையம்பதிக்குப் போய்ப் புதிய லொக் நட் ஒன்று வாங்கிவந்தார். ஸ்பெயார் சில்லில் தன் கையாலேயே முறுக்கினார். இழுத்துப் பார்த்தார். "இனிக் கள்ளன் தொட மாட்டான்" என்றார். தேத்தண்ணி குடித்தார், போனார்.

இரவு உறையைப் போடும்போதுதான் யோசித்தேன். கோல் எடுத்தேன்.

"பயப்படாத மகன்" என்றார் பெரியப்பா. "அலுமாரிக்குள்ள வச்சிட்டன்."