தமிழ் வழியே ஸ்பானியம்

ஸ்பெயின் தலைநகர் மாத்ரித் வந்த முதல் மாதம், வீட்டு முகவரியைப் பதிவு செய்ய நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். எம்பாத்ரோனாமியெந்தோ என்பார்கள். அந்தச் சான்று இல்லாமல் பள்ளியில் இடமோ மருத்துவ அட்டையோ கேட்பது கடினம். கணவரின் அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். அதை நம்பி, உணவகத்துக்கும் கடைத்தெருவுக்கும் வேண்டிய வாக்கியங்களை மட்டுமே கற்று வந்திருந்தேன். அவற்றில் ஒன்றுகூட அந்த மேசைக்கு முன்னால் உதவவில்லை.

அங்கே கேட்டது அப்பெயீதோ, அதாவது குடும்பப்பெயர். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் அது இரண்டு: பெரும்பாலும் முதலாவது தந்தை வழி, இரண்டாவது தாய் வழி. திருமணமானாலும் பெண்கள் அதை மாற்றிக்கொள்வதில்லை. நமக்கோ இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் இருந்த அப்பாவின் பெயரை முதல் அப்பெயீதோவாக எழுதிக்கொண்ட அலுவலர், இரண்டாவது எது என்று மூன்று முறை கேட்டார். 'சோலோ தெங்கோ உனோ', ஒன்றுதான் இருக்கிறது. இந்த மூன்று சொற்கள் அன்று என்னிடம் இல்லை.

சில வாரம் கழித்து, சுகாதார மையத்தில் ஒரு பெயரை இரண்டு முறை அழைத்தார்கள். நான் எழவில்லை. மூன்றாம் முறைதான் புரிந்தது, அது என் அப்பாவின் பெயர். அதிலிருந்த ஜ, அவர்கள் நாவில் ஹ ஆகியிருந்தது. அப்பா இறந்து ஆறு ஆண்டுகளாகின்றன. அந்தக் கூடத்தில் அவர் பெயரைக் கேட்டதும் கண் கலங்கியபடியே உள்ளே போனேன்.

ஆகவே புறப்படும் முன் முதலில் பழக வேண்டியது, உங்கள் பெயரை ஸ்பானிய எழுத்துகளில் ஒவ்வொன்றாகச் சொல்வது. ஜே அங்கே ஹோத்தா, ஹெச் ஆச்சே, வி ஊவே. தொலைபேசியில் முன்பதிவு செய்யும்போதெல்லாம் இது வேண்டும். பாஸ்போர்ட் எண்ணையும் அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

பிறகு எஸ்குவேலா ஒஃபீஸியால் என்ற அரசு மொழிப்பள்ளியில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். 'மே குஸ்தா எல் கஃபே' என்ற வாக்கியத்தில் வகுப்பே திணறியது. ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் 'நான்' எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது நம் வீட்டுப் பேச்சு. மே என்றால் எனக்கு. எனக்குக் காபி பிடிக்கும். 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. தூ, உஸ்தெத் என்பவையும் நம் நீ, நீங்கள்தான். அத்தனை நாள் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனதை நினைத்து வருந்தினேன். 'இரு' என்பதற்கு அவர்களிடம் ஸெர், எஸ்தார் என இரண்டு வினைகள் உண்டு. அதற்கு மட்டும் தமிழ் கைகொடுக்கவில்லை.

குடியுரிமைக்கு இந்தியர்கள் பொதுவாக 10 ஆண்டுகள் வசித்த பின்பே விண்ணப்பிக்க முடியும். அதற்கு ஏ2 என்ற அடிப்படை நிலை மொழித்தேர்வும் உண்டு. அந்தத் தேர்வை நினைத்துப் படிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வரும் இரவு அதற்கு வெகு முன்னதாகவே வந்துவிடும். எங்களுக்கு வந்தது. "லே துவேலே எல் ஓயிதோ," அவனுக்குக் காது வலிக்கிறது என்றேன். எப்போதிலிருந்து என்று மருத்துவர் கேட்டார். "தெஸ்தே அனோச்சே," நேற்று இரவிலிருந்து. அவர் தலையசைத்து, மகனைத் தன் பக்கம் திருப்பிக் காதைப் பார்க்கத் தொடங்கினார்.