பனிக்காலத்துக்கு ஒரு மெழுகுத் தைலம்: கோத்தகிரி நாட்குறிப்பு

2025 டிசம்பர் 14, ஞாயிறு

தேங்காய் எண்ணெய் பாட்டிலை இனி கொஞ்ச மாதத்துக்கு வெயிலில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். கோத்தகிரியில் இந்த மாதம் பகலில்கூட அந்த அளவை எட்டுவது கஷ்டம். ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் காலையில் புல்லெல்லாம் உறைபனி படியும் காலம் இது.

இன்று பக்கத்து வீட்டு அக்காவின் கையைப் பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனியெல்லாம் கோடு கோடாக வெடித்திருக்கிறது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் கை. அவர்கள் குடும்பம் கண்டித் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி வந்தது. அம்மாவும் கொழுந்து பறித்தவர், மகளும் அதே வேலை. விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார். கடையில் வாங்கிய லோஷன் போட்டால் எரிகிறதாம்.

இந்தக் குளிர்காலம் முழுக்க வறண்ட தோலுக்கான தைலத்தை வீட்டிலேயே செய்து பார்க்கப் போகிறேன். அத்தையின் பாதம், அக்காவின் கை, என் முகம் மூன்றுக்கும் சேர்த்து. செய்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 16, செவ்வாய், மார்கழி 1

முதலில் தோல் ஏன் வறள்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அந்தச் செல்களுக்கு நடுவே கொழுப்பு இருக்கிறது, செங்கலுக்கு நடுவே பூசிய சாந்து போல. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாமல் பிடித்து வைப்பது அந்தக் கொழுப்புதான். குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு, அதனால் தோலிலிருந்து நீர் வேகமாக ஆவியாகிறது. அதற்கு மேல் நாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரும், காரத்தன்மையுள்ள சோப்பும் போட்டு இருக்கிற கொழுப்பையும் கழுவி விடுகிறோம்.

எண்ணெயில் தண்ணீர் இல்லை. எண்ணெய் தடவினால் தோலுக்கு ஈரம் வந்து சேராது; இருக்கிற ஈரம் போகாமல் மூடும், அவ்வளவுதான். காய்ந்த தோலில் எண்ணெய் தடவிவிட்டு "ஒண்ணுமே ஆகலையே" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். குளித்துத் துவட்டி இரண்டு மூன்று நிமிடத்துக்குள், உடம்பில் ஈரப்பதம் இருக்கும்போதே தடவ வேண்டும். எதைத் தடவுகிறோம் என்பதைவிட எப்போது தடவுகிறோம் என்பது பெரிய விஷயம். இதை அத்தையிடம் சொன்னேன். "அதான் அந்தக் காலத்துல குழந்தைய குளிப்பாட்டின ஈரத்தோட எண்ணெய் தொட்டு வைப்பாங்க" என்றார்.

டிசம்பர் 18, வியாழன்

தேன்மெழுகு வாங்கினேன். இதற்குக் கோத்தகிரியைவிட நல்ல இடம் கிடையாது. நீலகிரிக் காடுகளில் குறும்பர்களும் இருளர்களும் பாறை விளிம்பிலும் உயர்ந்த மரங்களிலும் ஏறி மலைத்தேன் எடுக்கிறார்கள். தேன் பிழிந்த பிறகு மிஞ்சும் அடைதான் மெழுகு. இங்குள்ள கீஸ்டோன் அமைப்பு பல வருடங்களாக அவர்களோடு சேர்ந்து இந்தத் தேனுக்கும் மெழுகுக்கும் நியாயமான விலை கிடைக்க வேலை செய்து வருகிறது.

நான் வாங்கியது முழுதாகச் சுத்தம் செய்யாத கட்டி. வெந்நீரில் போட்டு உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஆறவிட்டால், மெழுகு மேலே தட்டாக உறைந்து நிற்கும். அழுக்கு அடியில் ஒட்டியிருக்கும், அதைக் கத்தியால் சுரண்டிவிடலாம். பிறகு தட்டைத் துடைத்து நன்றாகக் காய வைக்க வேண்டும். நல்ல மெழுகுக்குத் தேன் வாசனை இருக்கும். வெள்ளை வெளேரென்று வாசனையே இல்லாமல் வருவதில் பாரஃபின் என்ற பெட்ரோலிய மெழுகு கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

டிசம்பர் 20, சனி

இன்று தைலம் காய்ச்சியாயிற்று. காய்ச்சுவது என்றால் அடுப்பில் நேராக வைப்பது கிடையாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதன் மேல் எவர்சில்வர் கிண்ணம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், அதனால் கொதிநீரின் சூடே தாராளம்.

அளவு: தேன்மெழுகு 20 கிராம், செக்கு நல்லெண்ணெய் 60 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 40 கிராம். எல்லாம் எடைக் கணக்கு. நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறை மின் தராசு போதும்.

தேங்காய் எண்ணெயை இந்த ஊர் குளிருக்காகவே தவிர்த்தேன், தைலம் கல்லாகிவிடும். ஆலிவ் எண்ணெயையும் எடுக்கவில்லை. அதில் ஒலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மிக அதிகம். தோலில் இருக்கும் கொழுப்பு அடுக்கை அது குலைக்கக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நல்லெண்ணெயிலும் சாதாரண சூரியகாந்தி எண்ணெயிலும் லினோலிக் அமிலம் நிறைய. அது தோலுக்கு ஆதரவானது. விலை அதிகமாக இருப்பதால் ஆலிவ் உயர்ந்தது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது, நல்லெண்ணெய்க்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

மெழுகு முழுதாக உருகியதும் எண்ணெயை ஊற்றினேன். குளிர்ந்த எண்ணெய் பட்டதும் மெழுகு திட்டுத் திட்டாக உறையும், பயப்பட வேண்டாம், கிளறிக்கொண்டே இருந்தால் மறுபடி கரையும். பதம் பார்க்க ஒரு கரண்டியின் பின்பக்கத்தைக் குளிர வைத்துத் தொட்டு எடுத்தேன். ஒரு நிமிடத்தில் உறைந்தது. விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வந்தது. சரியான பதம். கடினமாக இருந்தால் எண்ணெய், குழைந்து போனால் மெழுகு.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்ய வேண்டும். டப்பாவில் ஊற்றிய சூட்டோடு மூடக் கூடாது. மூடினால் மூடியில் நீராவி படிந்து சொட்டும், அந்தச் சொட்டுத் தண்ணீரில்தான் பூஞ்சை பிடிக்கும். முழுக்க ஆறிய பிறகே மூடி. தண்ணீர் இல்லாத தைலத்தில் கிருமி வளராது. வீட்டில் செய்வதற்கு இதுதான் பாதுகாப்பான வகை என்று நான் உறுதியாக நினைப்பது அதனால்தான். வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை வெட்டி விட்டிருக்கிறேன். எண்ணெய் காறல் வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும்.

டிசம்பர் 22, திங்கள்

அக்காவுக்கு ஒரு டப்பா கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "கையில பிசுபிசுன்னு இருந்தா கொழுந்து பறிக்க முடியாதே தங்கச்சி?"

எனக்குத் தோன்றாத கேள்வி. தேயிலை எந்த வாசனையையும் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். தைலம் பூசிய கையோடு தோட்டத்துக்குப் போகவே முடியாது. அதனால் இரவுக்கு மட்டும் என்று முடிவு செய்தோம்: இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை ஐந்து நிமிடம் ஊறவைத்து, துணியால் ஒற்றி, தைலம் தடவி, பழைய பருத்தி சாக்ஸைக் கையுறையாகப் போட்டுக்கொண்டு தூங்குவது. காலையில் கழுவிவிட்டு வேலைக்கு. வாசனை எண்ணெய் எதுவும் இந்தத் தைலத்தில் சேர்க்காதது நல்லதாயிற்று.

டிசம்பர் 27, சனி

அண்ணன் மகள் விடுமுறைக்குக் கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருக்கிறாள். கற்றாழை ஜெல் செய்து வருடம் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

சோற்றுக்கற்றாழை நல்ல பொருள். மடலை வெட்டியதும் வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு பதினைந்து இருபது நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். மஞ்சளாக ஒரு பால் வடியும், அது பலருக்கு அரிப்பைக் கொடுக்கும். அது போன பிறகு தோல் சீவி, உள்ளே இருக்கும் சதையைக் கழுவி எடுக்கலாம். ஆனால் அந்தச் சதை கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். இரண்டு கிண்ணத்தில் அடித்து வைத்தோம்: ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று அடுப்படி மேடையில். அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

வைட்டமின் ஈ போட்டால் கெடாது என்று பலர் சொல்கிறார்கள். அது எண்ணெய் காறாமல் காக்கும், கிருமியைத் தடுக்காது. தண்ணீர் கலந்த கிரீமைப் பல மாதம் வைக்க வேண்டுமானால் ஃபினாக்ஸிஎத்தனால் மாதிரி ஒரு பதப்பொருள் சரியான அளவில் வேண்டும். ஐரோப்பிய விதிப்படி அதன் உச்ச அளவு 1 சதவீதம். அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. கிருமி வளர்ந்த "இயற்கை" கிரீமை வெடித்த தோலில் தடவுவது அதைவிட ஆபத்து. பதப்பொருள் வேண்டாம் என்றால் அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

கிளிசரினும் பன்னீரும் கலந்து கொடுத்தேன், ஒரு பங்குக்கு நான்கு பங்கு. கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். இங்கே மலைக்காற்று காய்ந்திருக்கும்போது தனியாகத் தடவினால் தோலின் அடியிலிருந்தே ஈரத்தை இழுத்துவிடும், அதனால் மேலே ஒரு விரல் நுனி தைலம் கட்டாயம். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இரண்டும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். தோல் இலேசான அமிலத்தன்மை கொண்டது. எலுமிச்சை அதைவிடப் பல மடங்கு அமிலம், சோடா அதற்கு நேரெதிர். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம்.

டிசம்பர் 30, செவ்வாய்

மேடையில் வைத்த கிண்ணம் புளித்த வாடை, மேலே நுரை. இந்தக் குளிரிலேயே இப்படி. ஃபிரிட்ஜில் இருப்பது நன்றாக இருக்கிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேடையில் இருந்ததை ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

2026 ஜனவரி 3, சனி

இன்று முழுக்க நெய். ஆயுர்வேதத்தில் சததௌத கிருதம் என்று ஒன்று இருக்கிறது: நூறு முறை கழுவிய நெய். ரொம்ப நாளாகச் செய்து பார்க்க ஆசை.

செம்புத் தட்டில் இளகிய பசுநெய், அதே அளவு கொதித்து ஆறிய தண்ணீர். உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நெய் வெளுத்துத் தண்ணீர் பிரியும்போது அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். அத்தையும் நானும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம், அவர் புளியங்கொட்டை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டார். முதல் பத்து இருபது சுற்றில் பெரிய மாற்றம் இல்லை. பாதியைத் தாண்டியபோது மஞ்சள் நிறம் போய்விட்டது. கடைசியில் நெய் வாசனை ஏறக்குறைய இல்லை; வெண்மையாக, மென்மையாக, அளவும் கூடி, விரலில் எடுத்தால் குளிர்ச்சியாக. தடவினால் பிசுபிசுப்பே தெரியவில்லை.

தண்ணீரைச் சின்னச் சின்னத் துளியாக நெய்க்குள் பிடித்து வைப்பதுதான் இங்கே நடக்கிறது. கடையில் வாங்கும் கிரீமும் எண்ணெயும் நீரும் சேர்ந்த இதே மாதிரிக் கலவைதான். ரோமில் 2ஆம் நூற்றாண்டில் இருந்த கேலன் என்ற கிரேக்க மருத்துவர் பெயரால் ஒரு பழைய கிரீமைச் சொல்வார்கள்: தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், ரோஜா நீர். கோல்ட் கிரீம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அது. நம் சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் இருக்கிறது. குங்கிலியம் என்ற மரப்பிசினை நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டு விட்டுக் கடைந்து வெண்ணெய் போல ஆக்குவது. எந்திரம் இல்லாத காலத்தில் கையாலும் பொறுமையாலும் கிரீம் செய்தவர்களை நினைக்க நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஈரம் இருப்பதால் சின்ன டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தேன். காய்ந்த கரண்டியால்தான் எடுக்க வேண்டும்.

ஜனவரி 7, புதன்

தைலத்தில் நீலகிரித் தைலமோ (யூகலிப்டஸ் எண்ணெய்) விண்டர்கிரீன் எண்ணெயோ நாலு சொட்டு விட்டால் வாசமாக இருக்குமே என்று அத்தை கேட்டார். ஊர்ப் பொருள்தான், ஆனால் விண்டர்கிரீனில் மெத்தில் சாலிசிலேட் மிக அதிகம். வலிக்குத் தேய்க்கும் பொருள் அது, வறண்ட தோலுக்கானது இல்லை. யூகலிப்டஸ் எண்ணெயைச் சின்னக் குழந்தைகளின் முகத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. வாசனை வேண்டுமென்றால் நல்லெண்ணெயில் வெட்டிவேரை நன்கு உலர்த்தி இரண்டு வாரம் ஊறப்போடலாம். போட்டு வைத்திருக்கிறேன்.

புதிதாக எதைச் செய்தாலும் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒன்றிரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு.

ஜனவரி 11, ஞாயிறு

அக்காவின் விரல் வெடிப்பு மூடிவிட்டது. கோடு தெரிகிறது, ஆனால் எரிச்சல் இல்லையாம், பிளாஸ்டர் இல்லாமல் வேலைக்குப் போகிறார். தைலத்தோடு இரவில் ஊறவைத்ததற்கும் இதில் பங்கு உண்டு. இப்போது அவரோடு வேலை செய்யும் பெண்கள் கேட்கிறார்களாம். அடுத்த ஞாயிறு எல்லோரும் சேர்ந்து செய்யலாம் என்று சொன்னேன்.

அத்தையின் பாதம் அவ்வளவு சுலபமாக இல்லை. பித்த வெடிப்பு ஆழம். தடித்த தோலை ஊறவைத்து நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்த்த பிறகுதான் தைலம் உள்ளே போகிறது. அவருக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால் அரசு மருத்துவமனையில் பாதத்தைக் காட்டினோம். சர்க்கரை உள்ளவர்கள் வெடிப்பை வீட்டு வைத்தியத்தோடு விட்டுவிடக் கூடாது. புண் ஆகிவிட்டால் எளிதில் ஆறாது. மருத்துவர் தைலத்தைத் தொடரச் சொன்னார், நுரைக்கல்லை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டோம்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்த கையோடு இன்று அடுப்படியில் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு வேலை: ஒருவர் மெழுகு சீவ, ஒருவர் தராசு, ஒருவர் டப்பாக்களை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைக்க. ஒரு பாட்டி, தோட்டத்தில் அந்தக் காலத்தில் விளக்கெண்ணெயும் மெழுகும் சேர்த்துக் காய்ச்சுவார்கள் என்றார். அதையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் செய்தோம். விளக்கெண்ணெய் கெட்டியானது என்பதால் மெழுகு குறைவாகப் போதும். பாதத்துக்கு நல்லெண்ணெயைவிட இதுதான் நன்றாக ஒட்டி நிற்கிறது, அத்தைக்கு இனி இதுவே.

சென்னையில் இருக்கும் சித்தியும் ஒரு டப்பா அனுப்பக் கேட்டிருக்கிறார். இந்தப் பதம் அங்கே ஏப்ரல் வெயிலில் குழம்பாகிவிடும். அவருக்கு எண்ணெய் 60 கிராமுக்கு மெழுகு 20 என்று கெட்டியாகக் காய்ச்சி வைத்தேன். மூடியில் தேதி எழுதி ஒட்டியாயிற்று.