மனு பார்க்கப் போகுமுன்

மனு பார்ப்பது என்றால், சிறையில் இருப்பவரை மனு கொடுத்துச் சந்திப்பது. சென்னை புழல் சிறை வளாகத்துக்குக் கிளம்புமுன், ஆள் அங்கே எந்தச் சிறையில் இருக்கிறார் என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்டனைக் கைதிகள் புழல் 1, விசாரணைக் கைதிகள் புழல் 2, பெண்களுக்குத் தனிச் சிறை. வாசல் மாறி வரிசையில் நின்றால் பாதி நாள் போச்சு.

மனுவில் கைதியின் பெயர், அப்பா பெயர், வழக்கு எண், உறவுமுறை எல்லாம் வேண்டும். அப்பா பெயரை விடாதீர்கள். உள்ளே நாலு முருகன் இருப்பார்கள். ஆதார் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். செல்போன் உள்ளே போகாது. ஆசையாகக் கட்டிய பிரியாணியும் அப்படித்தான். அதற்குப் பதில் கேன்டீன் செலவுக்கு அவர் கணக்கில் பணம் கட்டலாம்.

பேசக் கிடைப்பது சில நிமிஷம், அதில் பாதி அழுகையில் போய்விடும். ஆகவே ஜாமீன், வாய்தா தேதி இரண்டையும் முதலில் பேசிவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவரா? சிறை மருத்துவருக்குக் காட்ட மருந்துச் சீட்டின் நகலையும் எடுத்துப் போங்கள்.