தட்டான் பார்த்தல்: நிறத்திலிருந்து வால் நுனிக்கு

தட்டானை நிறத்தை வைத்துப் பெயரிட்டால் குறிப்பேடு சீக்கிரமே குழம்பிவிடும். தோலுரித்து வெளிவந்த புதிதில் எல்லா இனமும் வெளிறித்தான் இருக்கும். இறக்கை ஈரம் காயாத கண்ணாடித்தாள் போல மினுங்கும். குரோக்கோதெமிஸ் சர்விலியா என்ற தட்டான் இனத்தில் ஆண் முதிர்ந்தால் இரத்தச் சிவப்பு, இளமையில் பெண்ணைப் போலவே மஞ்சள். டிப்லகோடெஸ் டிரிவியாலிஸ் என்ற இனத்தின் ஆணோ, வயது ஏற ஏற நீலச் சாம்பல் பூச்சு படிந்து, உடலில் இருந்த கறுப்புக் கோடுகளையே இழந்துவிடும். அதனால் என் குறிப்பில் இப்போது பெயருக்கு முன் ஆணா பெண்ணா, இளசா முதிர்ந்ததா என்பது வருகிறது.

அதற்கு மூன்று படம் வேண்டும்: மார்புக் கோடு தெரியப் பக்கவாட்டில் ஒன்று, இறக்கை நரம்பு தெரிய மேலிருந்து ஒன்று, வால் நுனி நெருக்கமாக ஒன்று. பலரும் விட்டுவிடுவது மூன்றாவதை. தீர்ப்பு சொல்வது பெரும்பாலும் அதுதான். ஆண் தட்டானின் நுனியில் மேலே இரண்டு, கீழே ஒன்று எனப் பிடிப்பான்கள் இருக்கும். தட்டானின் மெலிந்த உறவினமான ஊசித்தட்டானில் மேலே இரண்டு, கீழே இரண்டு. பெண்ணுக்கு மேலே இரண்டு சிறு நுனிகள் மட்டும். ஆணும் பெண்ணும் ஒரே நிறத்தில் திரியும் ஆர்தெட்ரம் சபினா இனத்தில் இதைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. ஆணுக்கு வயிற்றின் (வால் போல நீண்ட பகுதி) இரண்டாம் வளையத்தின் அடியிலும் ஒரு புடைப்பு உண்டு. பக்கவாட்டுப் படத்தில் தேடுங்கள்.

மேலிருந்து எடுக்கும்போது லென்ஸ் இறக்கைக்கு நேர் எதிரே இருக்கட்டும். சாய்ந்தால் பாதி நரம்பு மங்கிவிடும், லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் முழுதாக மீளாது.

இறக்கையை விரித்து உட்கார்ந்தால் தட்டான், மடித்தால் ஊசித்தட்டான் என்ற விதி லெஸ்டிடே குடும்பத்தில் உடையும்; அவை ஊசித்தட்டான்கள், ஆனால் அரைவாசி விரித்தே உட்காரும். கண்கள் விலகியிருந்தால் ஊசித்தட்டான் என்பதும் காம்ஃபிடே குடும்பத்தில் உடையும். அவை தட்டான்கள், கண்கள் ஒட்டுவதில்லை. பின்னிறக்கை உடலோடு சேரும் அடிப்பகுதி முன்னிறக்கையைவிட அகலமா என்று பாருங்கள், அகலமென்றால் தட்டான்.

குச்சி நுனியில் அமரும் இனம் பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். நிழல் விழாத பக்கமாகத் தாழ உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். உச்சி வெயிலில் வாலைச் சூரியனை நோக்கித் தூக்கி நிற்பது சூடு தணிக்க: உடலில் வெயில் படும் பரப்பு குறைகிறது. முட்டையிடும் விதத்தையும் எழுதிவையுங்கள். வால் நுனியால் நீரைத் தட்டுகிறதா, தண்டைக் கீறிச் செருகுகிறதா, ஆண் கழுத்தைப் பிடித்தபடி கூடவே பறக்கிறதா, மேலே நின்று காவல் காக்கிறதா என்பது குடும்பத்தைக் கணிசமாகச் சுருக்கிக் கொடுக்கும்.

காலையில் நீரோரத் தண்டுகளில் ஒட்டியிருக்கும், நீரில் வளர்ந்த இளம்பூச்சி உரித்த தோலையும் எடுங்கள். அந்த இனம் அங்கேயே வளர்ந்தது என்பதற்கு அதைவிட உறுதியான சான்றில்லை. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்தி, தேதியும் இடமும் எழுதிய தீப்பெட்டியில் வைத்தால் கால் ஒடியாமல் இருக்கும்.