டி.சி. கேட்பதற்கு முன்னால்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தோப்பிலும் தமிழ்தான் பேச்சு. வேலந்தாவளத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. அதனால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கோவைக்கு அனுப்புவது இங்கே வழக்கம். நானும் 2024 ஜூனில் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினேன்.

இரண்டாம் செமஸ்டர் கட்டணம் கட்ட அப்பா வந்திருந்தார். பாஸ்புக்கின் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து, கவுண்டருக்கு முன்னால் நின்று இரண்டு தடவை எண்ணினார். 38,000 ரூபாய். ஹாஸ்டலுக்கு மாதம் 7,000 தனி. வெள்ளை ஈ விழுந்து தென்னந்தோப்பில் காய் பாதியாகக் குறைந்திருந்த வருஷம் அது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரிதான் எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் இருக்கும் அரசுக் கல்லூரிக்கு மாறிவிடலாமா என்று முதல் முறையாக யோசித்தேன்.

சோகநாசினி ஆற்றங்கரையில் 1947இல் தொடங்கிய கல்லூரி அது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தமிழுக்குத் தனித் துறையே உண்டு. வீட்டில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் வரலாம். கட்டணத்தை மட்டும் பார்த்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் நான் பயந்தது வேறு இரண்டு விஷயங்களுக்கு: வருஷம் வீணாகிவிடுமோ, பஸ்ஸிலேயே பொழுது போய்விடுமோ.

பஸ் விஷயத்தை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்டடி லீவில் வீட்டுக்கு வந்தபோது, சித்தூரில் படிக்கும் பக்கத்து வீட்டு அக்காவோடு மூன்று நாள் போய் வந்தேன். நாட்டுக்கல், நல்லேப்பிள்ளி வழியாகப் போகிற பஸ். மாணவர் கன்சஷனில், அதாவது குறைந்த கட்டணத்தில், போகும் பிள்ளைகளைக் கடைசியில்தான் ஏற்றுவார்கள். பஸ் கிளம்பப் போகும்போது கிளி (வாசலில் நிற்கும் பஸ் உதவியாளர்) கையைக் காட்டினால் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய வேண்டும். முதல் நாள் என் செருப்பு ஒன்று படியில் கழன்று விழுந்துவிட்டது. வாசலில் காத்து நிற்பதையும் சேர்த்து, போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ‘சாயங்காலம் நாலரைக்கு மேல லைப்ரரியில உக்காந்தா ஆறு மணிக்குக் கூட்டமில்லாத பஸ் கிடைக்கும்’ என்று அக்கா சொன்னார். எனக்கு அதுதான் தைரியம் கொடுத்தது.

அடுத்தது வருஷம் வீணாகுமா என்பது. இதில்தான் ரொம்ப நாள் குழம்பினேன். தமிழ்நாட்டில் மூன்று வருஷப் பட்டம், 140 கிரெடிட். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், முதன்மைப் பாடம், அதற்குத் துணைப்பாடம். கேரளத்தில் 2024இலிருந்து நான்கு வருஷத் திட்டம் வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் 133 கிரெடிட் முடித்துப் பட்டத்தோடு வெளியேறலாம். நான்காவது வருஷமும் படித்தால் 177 கிரெடிட்டில் ஆனர்ஸ். மேஜர் (முதன்மைப் பாடம்), மைனர் (துணைப்பாடம்) என்று பாடங்கள். அதற்கு மேல் வேறு துறைகளிலிருந்து எடுக்க வேண்டிய பல்துறைத் தாள்களும் உண்டு. பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, உள்ளே இருக்கும் யூனிட்டுகளும் ஒத்துப்போக வேண்டும்.

நோட்டின் நடுப்பக்கத்தைப் பிரித்து, இடது பக்கம் நான் எழுதிய தாள்களையும் வலது பக்கம் அவர்களின் சிலபஸையும் யூனிட் யூனிட்டாக எழுதினேன். கால்குலஸ் ஒத்துப்போனது. துணைப்பாடமாகப் படித்த ஸ்டாட்டிஸ்டிக்ஸை மைனருக்கு வைக்கலாம் என்று தெரிந்தது. தமிழும் ஆங்கிலமும் பிரச்சினை இல்லை. பல்துறைத் தாள் இரண்டு மட்டும் என்னிடம் கிடையாது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு சித்தூர் கல்லூரியில் கணிதத் துறை ஆசிரியரைப் பார்த்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார். ‘மூணாம் செமஸ்டர் தொடங்கறப்ப காலியிடம் இருந்தா முயற்சி பண்ணலாம்மா. ஆனா இடமும், நீ அங்க படிச்சது இங்க படிப்புக்குச் சமம்ங்கற சமநிலையும் எழுத்துல கையில வராம அங்க டி.சி. கேக்காதே’ என்றார். இந்த ஒரு வார்த்தையை மாறுதல் யோசிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வேன். டி.சி. வாங்கிய பிறகு இங்கே இடமில்லை என்றால் இரண்டு பக்கமும் போய்விடும்.

மதிப்பெண் பட்டியல், சிலபஸின் சான்றொப்பமிட்ட நகல், பிளஸ் டூ சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் சமநிலைக்கு விண்ணப்பிக்கத் தேஞ்ஞிப்பாலத்தில் உள்ள கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்குப் போனோம். பாலக்காட்டில் ரயில் ஏறிப் பரப்பனங்காடியில் இறங்கி அங்கிருந்து பஸ். விண்ணப்பத்தை அப்பாதான் சரிபார்த்தார். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவர் சந்தையில் கணக்கு எழுதிப் பழகியவர்.

கஷ்டம் கோவையில்தான் வந்தது. சித்தூரிலிருந்து சம்மதக் கடிதம் வந்ததும் டி.சி.க்கு எழுதிக் கொடுத்தேன். மீதி இரண்டு வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி.யும் ஒரிஜினல் சான்றிதழ்களும் தருவோம் என்றார்கள். அப்பாவின் முகம் அப்படியே வாடிவிட்டது. நான் அன்று பஸ் ஸ்டாண்டில் அழுதேன். இதற்கு விதி இருக்கிறது என்று ஒரு சீனியர் அண்ணன்தான் சொன்னார். 2018 அக்டோபரில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட அறிவிப்பு அது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, படிக்கப்போகிற செமஸ்டருக்கோ வருஷத்துக்கோ மட்டும்தான் முன்கூட்டிக் கட்டணம் வாங்கலாம் என்று அதில் இருக்கிறது. பிரிண்ட் எடுத்து, அந்த வரிகளுக்கு அடியில் கோடு போட்டு, கோரிக்கைக் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தோம். வாங்கியதற்குக் கையெழுத்தும் தேதியும் கேட்டு வாங்கினோம். பதினோரு நாள் நடந்தோம். பன்னிரண்டாவது நாள், நிலுவையில் இருந்த ஹாஸ்டல் பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் கொடுத்தார்கள்.

கோவைக் கல்லூரியை விட்டுவந்ததில் எனக்கு வருத்தமும் உண்டு. அங்கே கம்ப்யூட்டர் லேப் நன்றாக இருந்தது, என் அறைத்தோழி நல்லவள். இங்கே வகுப்பில் விளக்கம் மலையாளத்தில் வேகமாகப் போகும்போது சில வார்த்தைகள் நழுவிவிடுகின்றன. முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். அவளுக்குத் தமிழ் புரியும், நல்லவேளை. மொழித் தாளுக்குத் தமிழையே எடுத்திருக்கிறேன்.

இப்போது நாலரைக்கு லைப்ரரிக்குப் போய்விடுகிறேன். ஜன்னல் பக்கத்து மேசை. ஆறு மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறது. விடுபட்ட இரண்டு தாள்களையும் நவம்பரில் எழுத வேண்டும். ஒன்றுக்கு நோட்ஸ் முடித்துவிட்டேன். இன்னொன்றுக்கு அந்த அக்கா தன் பழைய நோட்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.