சிசேரியனுக்குப் பிறகு முதல் வாரம்: கணவர் வேலை, நர்ஸ் வேலை

"புள்ள கத்திக்கிட்டே இருக்கு, பால் ஊறலப்பா, ஒரு டின் வாங்கிட்டு வா." இரண்டாம் நாள் ராத்திரி பிரசவ வார்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வாங்கிவர ஓடுகிறவர் பெரும்பாலும் கணவர். அதனால் அவரிடம் எட்டாம் மாதமே நர்ஸ் பேசிவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் ஊறுவது சீம்பால். ஒரு வேளைக்குச் சில மில்லிதான், பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதும். மார்பு கனத்துப் பால் இறங்க மூன்று நான்கு நாள் ஆகும், சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம். நடுவில் டின் பால் புகுந்தால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும். சப்பாத மார்பில் பால் குறையும். 'பத்தலை' என்ற பேச்சு அப்புறம் நிஜமாகிவிடும். சேனை வைக்கிறேன் என்று, அதாவது குழந்தை நாக்கில் இனிப்பு தொட்டுவைக்க, யாராவது தேனோடு வந்தாலும் தடுக்க வேண்டியவர் கணவர்தான். அதை மருமகள் சொன்னால் வீட்டில் சண்டை.

தையல் வலியில் தாயால் எழுந்து உட்கார முடியாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றைப் பார்க்கும்படி கிடத்த வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை. தூக்கிக் கொடுப்பது, ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் கணவர் பொறுப்பு. ஆண்களை இரவில் விடாத வார்டு என்றால், துணைக்கு இருக்கும் அம்மாவுக்கு இதே பாடம்.

நர்ஸ் "பால் குடும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் பிரயோஜனமில்லை. ஒரு வேளை முழுக்க நின்று பார்க்க வேண்டும். வாய் அகலத் திறந்து, தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேல்பக்கம் கூடுதலாகத் தெரியும். கன்னம் குழிந்தாலோ, சொடக்குச் சத்தம் கேட்டாலோ, வாயிலிருந்து வரும் காம்பு நசுங்கியிருந்தாலோ பிடிப்பு தப்பு. காம்பு வெடிப்பு அங்கேதான் ஆரம்பம். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மறுபடி பிடிக்கவைக்க வேண்டும், வெடுக்கென்று இழுக்கக்கூடாது.

பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டால் குழந்தையால் கவ்வ முடியாது. கருவட்டம் இளகும்வரை கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் கொடுக்கலாம். கொடுத்து முடித்தபின் குளிர்ந்த துணி. பீய்ச்சிய பாலைச் சுத்தமான பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டலாம், பாட்டில் வேண்டாம்.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவுகட்டாதீர்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர், மஞ்சளாக மலம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்புவது: கணக்கு இதுதான். எடை 10 சதவீதம் குறைந்தாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டாலோ அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். டின் பால் தேவையா என்பதும் அங்கே முடிவாகட்டும். தாய்க்குக் காய்ச்சலோடு மார்பில் சிவந்த திட்டு வந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் பால் கட்டுவது இன்னும் மோசமாகும்.